இரும்பு பிடித்த கை

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இராது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது எவ்வளவு உண்மை என்பதை நான் கிராமம் கிராமமாகப் போய்வரும்போது பார்க்கிறேன். முன்பெல்லாம் களத்து மேட்டுச் சாளையில் மண்வெட்டியும் கடப்பாறையும்தான் சாத்தி வைத்திருப்பார்கள். இப்போது பல தோட்டங்களில் அதே சாளையில் கைப்பெட்டி அளவுக்கு ஒரு வெல்டிங் மெஷின், ஒரு கிரைண்டர், ஒரு வைஸ், மூலையிலே பழைய இரும்புக் குவியல். கேட் அடிக்கிறார்கள், ஆட்டுக்குத் தீவனத் தொட்டி செய்கிறார்கள், உடைந்த கலப்பையைத் தாங்களே பற்ற வைக்கிறார்கள். நல்ல காரியம். பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் போன ஆண்டு நான் பார்த்த ஒரு சம்பவத்தை உங்களிடம் சொல்ல வேண்டும். காங்கயம் பக்கத்தில் ஒரு விவசாயி. கையில் நல்ல தொழில் உள்ளவர். ஒன்பது கொத்துக் கலப்பைக்குக் கொழு தேய்ந்து போயிற்று. கடையில் வாங்குவானேன் என்று, பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி, முனை தீட்டி, கலப்பைக் காலில் வைத்துத் தாமே பற்ற வைத்தார். ஒட்டு பார்க்க அழகாக இருந்தது. சூடு ஆறட்டும் என்று ஒரு குடம் தண்ணீரையும் ஊற்றினார். மறுநாள் காலையில் உழவு. இரண்டாவது சாலில் மூன்று கொழு முறிந்து மண்ணுக்குள்ளே போயிற்று. ஒன்று தெறித்து, பின்னால் வந்த பையனின் காலை உரசிக்கொண்டு போனது. நல்ல வேளை, எலும்புக்கு ஆபத்தில்லை.

"நல்ல ராடுதானுங்க சார் போட்டேன். ஏனுங்க இப்படிப் போச்சு?" என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், பக்கத்தில் நின்ற ஊர்க் கொல்லாசாரி முறிந்த துண்டைக் கையில் வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒட்டு விடலைங்க தம்பி. ஒட்டுக்குப் பக்கத்துல விட்டிருக்குது பாருங்க. எந்த இரும்புன்னு பார்க்காம வெச்சுட்டீங்க" என்றார்.

எந்த இரும்பு என்று பார்க்காமல் வைத்துவிட்டீர்கள். இந்த ஒரு சொல்லுக்குள்ளே இரும்பை இணைக்கும் கலையின் வரலாறே இருக்கிறது. அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

ஆவாரங்குச்சியும் எருக்கிலையும்

இரும்போடு இரும்பைச் சேர்ப்பது வெள்ளைக்காரன் கொண்டு வந்த வித்தை என்று நினைக்காதீர்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நீளப் பட்டையை வளைத்து இரண்டு நுனியையும் உலையில் வைத்து, துருத்தி ஊதி, வெள்ளையாகப் பொரி பறக்கும் பதம் வரும்போது ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். இரண்டும் ஒன்றாகிவிடும். அதற்கு முன்னால் ஆசாரி ஒரு கைப்பிடி மணலை அந்த இடத்தில் தூவுவார். ஏன் தூவுகிறார்? சூட்டில் இரும்பின்மேல் ஒரு கருஞ்செதில் படியும். அது நடுவில் இருந்தால் ஒட்டு பிடிக்காது. மணல் அந்தச் செதிலோடு சேர்ந்து உருகிக் குழம்பாகி, அடி விழும்போது வெளியே பிதுங்கிப் போய்விடும். சுத்தமான இரும்போடு சுத்தமான இரும்பு சேரும். இந்த மணலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

இரும்பை உருக்காக மாற்றும் வித்தையிலும் நம் பகுதி பேர் பெற்றது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் என்ற ஊர். 1985-லிருந்து அங்கே அகழாய்வு செய்து பார்த்ததில், பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளின் அடையாளங்கள் கிடைத்திருக்கின்றன. சேலம் பக்கத்தில் 19-ஆம் நூற்றாண்டில் உருக்கு செய்த முறையை ஹீத் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். சேலத்து இரும்புக் கல்லை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்தவர் அவர்.

அந்த முறை உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். உமி கலந்த களிமண்ணால் சிறு மூசை செய்வார்கள். அதற்குள்ளே இரும்புத் துண்டு, காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே எருக்கிலை. வாயை மண்ணால் அடைத்துவிட்டு, உலையில் அடுக்கி, துருத்தியால் விடாமல் ஊதுவார்கள். உள்ளே குச்சியும் இலையும் கரியாகும். அந்தக் கரி இரும்புக்குள்ளே ஏறும். மூசையை உடைத்தால் உள்ளே உருக்குக் கட்டி. நம் வேலியோரத்து ஆவாரையும் எருக்கும் உலகப் புகழ் பெற்ற உருக்குக்குக் கரி கொடுத்திருக்கின்றன!

ஆக, விஷயம் கரியில் இருக்கிறது. நூறு பங்கில் கால் பங்குக்குக் குறைவாகக் கரி இருந்தால் அது மெல்லிரும்பு, வளையும், முறியாது. அரைப் பங்குக்கு மேலே ஏறினால் ஸ்பிரிங் பட்டை. ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு ஏறினால் நம் பழைய உருக்கு, கத்திக்கு ஆகும். இரண்டு பங்குக்கு மேலே போனால் வார்ப்பிரும்பு. கீழே போட்டால் உடையும். நான்கும் பார்வைக்கு இரும்புதான். குணம் வேறு வேறு.

கொல்லன் மகன்

இந்த உருக்கு 'ஊட்ஸ்' என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போயிற்று. அங்கே அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் மைக்கேல் ஃபாரடே. அவர் ஒரு கொல்லருடைய மகன். 1819-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கத்தி செய்வதில் தேர்ந்த ஸ்டோடார்ட் என்பவரோடு சேர்ந்து, இந்திய உருக்கு ஏன் இவ்வளவு நல்லதாக இருக்கிறது என்று சோதித்தார். வேறு ஏதோ உலோகம் சேர்ந்திருக்கிறது என்று எண்ணி அலுமினியத்தின் பக்கம் போனார். அது சரியில்லை என்று பின்னால் தெரிந்தது. எவ்வளவு கரி இருக்கிறது, எப்படி ஆற வைத்தார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருந்தது.

ஆனால் அதே ஃபாரடே 1831-இல் ஒரு காரியம் செய்தார். 6 அங்குல விட்டமுள்ள ஒரு மெல்லிரும்பு வளையத்தின் இரண்டு பக்கமும் கம்பிச் சுருள் சுற்றினார். ஒரு சுருளில் மின்சாரத்தை விட்டு நிறுத்தும்போதெல்லாம், அடுத்த சுருளில் தானாக மின்சாரம் தோன்றி மறைந்தது. இதுதான் டிரான்ஸ்பார்மரின் தத்துவம். உங்கள் ஊர் மூலையில் கம்பத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறதே, அதுவும் இதுதான். பழைய கனமான வெல்டிங் மெஷினுக்குள்ளே இருப்பதும் இதுதான். 230 வோல்ட்டையோ 415 வோல்ட்டையோ உள்ளே வாங்கி 50 முதல் 80 வோல்ட்டாகக் குறைத்து, அதற்குப் பதிலாக நூறு ஆம்பியர், நூற்றைம்பது ஆம்பியர் என்று ஓட்டத்தை ஏற்றிக் கொடுக்கிறது. நம் உருக்கை ஆராய்ந்த கொல்லன் மகன், அந்த உருக்கைப் பற்ற வைக்கும் மெஷினுக்கும் வித்திட்டுப் போனார்.

விவசாயக் கல்லூரியில் படித்தவர்

அடுத்து நான் சொல்லப்போகிறவர் நமக்கு இன்னும் நெருக்கமானவர். பெயர் நிக்கோலாய் பெனார்டோஸ். ரஷ்யப் பேரரசில், இன்றைய உக்ரைன் பகுதியில், 1842-இல் பிறந்தவர். முதலில் மருத்துவம் படித்தார். அதை விட்டுவிட்டு மாஸ்கோவில் விவசாயக் கல்லூரியில் சேர்ந்தார். கலப்பை, பரம்பு இவற்றைத் திருத்திச் செய்வதில்தான் அவருக்கு ஆசை. பிறகு லூக் என்ற ஊருக்கருகே பண்ணை வீடு கட்டி, அதிலேயே உலைக்களமும் தச்சுப்பட்டறையும் வைத்துக்கொண்டு ஓயாமல் ஏதாவது செய்துகொண்டே இருந்தார். நம் பழமொழியிலே வருகிற இரும்பு பிடித்த கை அவருடையது.

இரண்டு கரித்துண்டுக்கு நடுவே மின்சாரம் தாவினால் கண்ணைப் பறிக்கும் சுடர் உண்டாகும் என்பதை ரஷ்யாவில் பெட்ரோவ் என்பவர் 1802-லேயே கண்டிருந்தார். எல்லோரும் அதை விளக்காகத்தான் பார்த்தார்கள். பெனார்டோஸ் அதை உலையாகப் பார்த்தார். 1881-இல் பாரிஸில், ஒரு கரிக்குச்சியை ஒரு முனையாகவும் இரும்பையே மறுமுனையாகவும் வைத்து, அந்தச் சுடரால் இரும்பை உருக்கி ஒட்டிக் காட்டினார். காப்புரிமை எடுக்கக் கையில் பணமில்லை. ஓல்ஷெவ்ஸ்கி என்ற செல்வர் செலவு செய்தார். அதனால் 1887-இல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. பெனார்டோஸ் 1905-இல் காலமானார்.

பெருமக்களே, இன்று உலகத்திலே ஓடுகிற கப்பல், பாலம், டிராக்டர் எல்லாவற்றிலும் இருக்கிற மின்சார ஒட்டு ஒரு பண்ணைவீட்டுப் பட்டறைக்காரரின் கையிலிருந்து வந்தது. வீட்டுப் பட்டறை வைத்திருக்கிற நீங்கள் இதை நினைத்துப் பெருமைப்படலாம்.

மணல் திரும்பி வந்தது

1888-இல் ஸ்லாவ்யானோவ் என்ற இன்னொரு ரஷ்யர் கரிக்குச்சிக்குப் பதிலாக இரும்புக் கம்பியையே வைத்தார். கம்பியே உருகி இடைவெளியை நிரப்பியது. ஆனால் வெறும் கம்பியால் வைத்த ஒட்டு நிற்கவில்லை. உருகிய இரும்பு காற்றைக் குடித்தது. உள்ளே பொத்தல், மேலே உடைசல்.

ஸ்வீடன் நாட்டில் ஆஸ்கார் கெல்பெர்க் என்ற எஞ்சினியர் கப்பல் கொதிகலன்களின் கசிவை அடைத்துக்கொண்டிருந்தார். அவர் கம்பியின்மேல் ஒரு பூச்சுப் பூசிப் பார்த்தார். சுடரில் அந்தப் பூச்சு எரிந்து, காற்றை விலக்கும் வாயுவாகவும், ஒட்டை மூடும் கசடாகவும் ஆயிற்று. 1904-இல் கம்பெனி தொடங்கினார். 1907-ஐ ஒட்டிப் பூச்சுக் கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். நீங்கள் கடையில் பாக்கெட்டாக வாங்கும் ராடு இதுதான். ஒட்டு வைத்தபின் சுத்தியால் தட்டி உதிர்க்கிறீர்களே, அந்தக் கறுப்பு ஓடு, ஆசாரி தூவிய மணல் செய்த வேலையைத்தான் செய்கிறது. நனைந்த ராடு ஏன் கூடாது என்றும் இதிலிருந்தே தெரியும். பூச்சில் ஈரம் இருந்தால் ஒட்டுக்குள்ளே பொத்தலும் வெடிப்பும் வரும்.

கேஸ் வெல்டிங்கின் கதையும் இதே காலத்துக் கதைதான். அசிட்டிலின் வாயுவை எட்மண்ட் டேவி 1836-இல் கண்டார். 1892-இல் அமெரிக்காவில் வில்சன் என்பவர் அலுமினியம் எடுக்கப் போய், மலிவாகக் கார்பைடு கல் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். ஊர்வல விளக்குக்குத் தண்ணீர் சொட்டவிட்டு எரித்தார்களே, அந்தக் கல். 1895-இல் பிரான்சில் லெ ஷாத்லியே அந்த வாயுவை ஆக்சிஜனோடு எரித்து, 3000 டிகிரிக்கு மேற்பட்ட சூடு வருவதைக் காட்டினார். இரும்பு உருகுவது 1538 டிகிரியில்.

துறைமுகத்தில் பிளந்த கப்பல்

இவ்வளவு கண்டுபிடித்த பிறகும் ஒரு பெரிய பாடம் பாக்கி இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கப்பல்களை அவசர அவசரமாகப் பற்றவைத்துக் கட்டினார்கள். 1943 ஜனவரி 16-ஆம் தேதி, போர்ட்லாண்ட் துறையில் 'ஸ்கெனெக்டடி' என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் சும்மா கட்டி நின்றுகொண்டிருந்தது. புயலில்லை, அலையில்லை. குளிரான இரவில் பெரிய சத்தத்தோடு நடுவில் இரண்டாகப் பிளந்துபோயிற்று.

ஏன்? ஆராய்ந்து பார்த்தார்கள். அந்த எஃகு குளிரில் உடைசலாகும் எஃகு. ஒட்டில் குறை இருந்தது. கூரான மூலைகளில் இழுப்பு எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தது. ஆணி அடித்துக் கட்டிய பழைய கப்பலிலே ஒரு தகட்டில் வெடிப்பு விட்டால் அந்தத் தகட்டின் ஓரத்தில் நிற்கும். பற்ற வைத்தது முழுக்க ஒரே உடம்பு. வெடிப்பு ஓட ஆரம்பித்தால் நிறுத்த ஆளில்லை. பிறகு எஃகைத் திருத்தினார்கள், மூலைகளை வளைவாக்கினார்கள்.

நம் ஆசாரி சொன்னதும் இதைத்தானே? எந்த இரும்பு என்று பார்க்காமல் வைத்தால், கொழுவும் முறியும், கப்பலும் முறியும்.

நம் ஊருக்கு வந்த சுடர்

நம் பக்கத்துக்கு இந்தச் சுடர் வந்தது தண்ணீரின் வழியாக. 1932-இல் பைக்காரா மின்சாரம், 1937-இல் மேட்டூர் மின்சாரம். கோயம்புத்தூர்ப் பக்கம் ஆலைகள் பெருகின. கிணற்று மேட்டில் கவலை போய் மோட்டார் வந்தது. 1893-இல் கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே எந்திரக் கலையைக் கற்றவர். 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார். மோட்டார் வந்த ஊரில் ரிப்பேர்க் கடை வந்தது. ரிப்பேர்க் கடையோடு வெல்டிங் பட்டறையும் வந்தது. இப்போது அது உங்கள் சாளைக்கே வந்துவிட்டது.

மெஷின் வந்துவிட்டது. ஆனால் பதம் பார்க்கும் கண்? அது ஆசாரியிடமே நின்றுபோயிற்று. அவருடைய உலை அணைந்துகொண்டு வருகிறது. இதுதான் என் கவலை.

செய்ய வேண்டியது என்ன?

முதலில், இரும்பை அறியுங்கள். கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பொரியைப் பாருங்கள். நீளமான, சீரான கோடுகளாகப் போய், நுனியில் ஒன்றிரண்டு கிளை மட்டும் விட்டால் மெல்லிரும்பு. தைரியமாகப் பற்ற வைக்கலாம். கம்பி மத்தாப்பு மாதிரி கிட்டத்திலேயே பூப்பூவாக வெடித்தால் கரி அதிகம். பொரி கட்டையாகச் சிவந்து விழுந்தால் வார்ப்பிரும்பு. அதைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, கரி அதிகமான இரும்பைப் பச்சையாகப் பற்ற வைக்காதீர்கள். ஒட்டுக்குப் பக்கத்து இடம் சுடரில் சட்டென்று காய்ந்து சட்டென்று ஆறினால், கண்ணாடி மாதிரி ஆகிவிடும். காங்கயத்துக் கொழு முறிந்தது அதனால்தான். தண்ணீர் ஊற்றியது இன்னும் கெடுதல். துரு போகத் தேய்த்து, அந்த இடம் வைக்கோல் நிறம் கொள்ளும்வரை முன்கூட்டியே காய வையுங்கள். அது ஏறக்குறைய 220 டிகிரி. ஈரமேறாத லோ-ஹைட்ரஜன் ராடு, அதாவது 7018 வகை, போடுங்கள். முடிந்ததும் சாம்பலிலோ காய்ந்த சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து, இரவு முழுக்க மெள்ள ஆறவிடுங்கள்.

மூன்றாவது, கொழுவை போல்ட்டு போட்டு முடுக்குவதே நல்லது. தேய்ந்தால் மாற்றலாம். வண்டியின் ஸ்பிரிங், ஸ்டீயரிங் பாகம், டிரெய்லர் இழுக்கும் கொக்கி இவற்றை வீட்டில் பற்ற வைக்கவே வேண்டாம். அங்கே போவது கொழு இல்லை, உயிர்.

நான்காவது, உங்கள் உடம்பு. டீசல், பெட்ரோல், பூச்சிமருந்து இருந்த பீப்பாயை, எவ்வளவு கழுவினாலும், பற்ற வைக்காதீர்கள், அறுக்காதீர்கள். உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் ஆவி வெடிக்கும். ஜி.ஐ. குழாயில் துத்தநாகப் பூச்சு உண்டு. அதன் புகையைக் குடித்தால் அன்று சாயங்காலமே குளிர் காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது நம்பிக்கைதான், மருந்தல்ல. பூச்சை முதலில் தேய்த்து எடுங்கள், திறந்த வெளியில் காற்றுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று செய்யுங்கள். வெயில் கண்ணாடி போதாது. வெல்டிங்குக்கு உரிய முகமூடி வேண்டும். வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை அப்புறப்படுத்துங்கள். சுடர் பட்ட கண் அப்போது ஒன்றும் சொல்லாது. நடுராத்திரியில் மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி எரியும். ஈரத் தரையில் நிற்காதீர்கள். டிராக்டரிலேயே பற்ற வைப்பதானால் பேட்டரி கம்பியைக் கழற்றிவிடுங்கள். பம்புசெட்டுக்குக் கொடுத்த இணைப்பில் மெஷினைச் சொருகாதீர்கள். அது விதிக்கும் விரோதம், மோட்டாருக்கும் கேடு.

கடைசியாக ஒன்று. காங்கயத்து விவசாயி அன்றைக்கே ஆசாரியைத் தம் சாளைக்குக் கூட்டிப் போனார். ஆசாரி வெல்டிங் மெஷினைத் தொட்டதே இல்லை. ஆனால் பட்டையைக் காய வைத்து நிறம் பார்த்துச் சொன்னார். விவசாயி ராடு பிடித்தார். இரண்டு பேருமாகச் சாம்பலில் புதைத்தார்கள். அந்தக் கொழு அந்தப் போகம் முழுக்க நின்றது. அடி வாங்கிய பையன்தான் சாம்பலைக் கிளறிக் கொழுவை எடுத்துக் கொடுத்தான் என்று பிறகு சொன்னார்கள்.

உங்கள் ஊரில் உலை இன்னும் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால், இந்த வாரமே பையனையும் கூட்டிக்கொண்டு அங்கே போய் அரைநாள் உட்காருங்கள். மெஷினைக் கடையில் வாங்கலாம். இரும்பின் நிறம் பார்க்கிற கண்ணை அவரிடம்தான் வாங்க முடியும்.